இருபத்து நான்கு வரிசைகள்

அடிவாரத்தில் பஸ் ஏறி ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் கொண்டை ஊசி வளைவுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வருவார்கள். பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. மலைமேல் பிறந்த இலக்கியாவுக்கோ வீட்டிலிருந்து கிளம்பினால் முதலில் வருவது இருபதாவது வளைவு. சேலத்தில் கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் காலையில் இருபது, பத்தொன்பது என்று இறங்கினாள், சாயங்காலம் ஒன்று, இரண்டு என்று ஏறினாள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எது முதல் வளைவு என்று ஒருநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள் பாருங்கள், இறங்க வேண்டிய இடம் போயே போய்விட்டது. செம்மநத்தம் ரோடு முடியும் இடத்தில் கண்டக்டர்தான் தட்டி எழுப்பினார். எழுப்பினார் என்று சொல்வதும் தப்பு. அவள் தூங்கவே இல்லை.

"கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டே கெனாக் காணுறவ இவ" என்பாள் அவளுடைய அம்மா வீராயி. அதைப் பெருமையாகச் சொல்கிறாளா, நொந்துபோய்ச் சொல்கிறாளா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வீராயி காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிறவள். அவளுடைய தாத்தா காலத்தில் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த குடும்பம், எஸ்டேட் லைன் வீட்டில் இரண்டு அறையில் வாசம். இலக்கியாவின் அப்பா காளியண்ணன் லாரி ஓட்டுகிறவர். மாதம் ஒருமுறை வருவார், இரண்டு நாள் தூங்குவார், போய்விடுவார். இந்தக் கனவுப் பழக்கம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று வீராயிக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு.

கனவு காண்கிறவர்களைச் சோம்பேறி என்று சொல்கிற ஒரு கூட்டம் எல்லா ஊரிலும் இருக்கிறது. எனக்கு அந்தக் கூட்டத்தைக் கண்டாலே ஆகாது. இந்தப் பெண்ணின் கதையைக் கேட்டுவிட்டு அவர்கள் பேசட்டும்.

இலக்கியாவுக்குப் பதினாறு வயது. ஆனி மாதம், மழை பிடித்துக்கொண்ட நேரம். எஸ்டேட்டின் மேற்குச் சரிவில் புதிதாக ஒரு சோதனைத் தோட்டம் போட்டார்கள். இருபத்து நான்கு வரிசை, வரிசைக்கு ஒரு ரகம் காப்பிச் செடி. எது இந்த மண்ணில் நன்றாகக் காய்க்கிறது, எது பூச்சியைத் தாங்குகிறது என்று பத்துப் பன்னிரண்டு வருடம் பார்ப்பதாக ஏற்பாடு. ஆள் பற்றவில்லை என்று மழைக்குப் பள்ளி லீவு விட்டதால் வீட்டிலிருந்த இலக்கியாவையும் வீராயி கூட்டிப் போனாள். குழிக்கு ஒரு நாற்று வைத்துக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான் வேலை. சாக்குப் பையைக் கொங்காணி போலத் தலையில் மாட்டிக்கொண்டு, கூடையோடு அவள் ஒரு வரிசைக்குள் போனாள். மறுமுனையில் வெளியே வரவில்லை.

பெண்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பனி அப்படி இறங்கியிருந்தது, பக்கத்தில் நிற்கிற ஆளின் முகம் தெரியாது. காட்டெருமை வந்து முட்டிவிட்டதா, ஓடைப்பக்கம் சறுக்கிவிட்டாளா என்று வீராயி வரிசை வரிசையாக ஓடினாள். முக்கால் மணி நேரம் தேடினார்கள். கடைசியில் வீராயிதான் கண்டுபிடித்தாள். வரிசையின் நடுவில் கூடைமேல் கையை மடித்து, கையின்மேல் தலையை வைத்து, மகராசி சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். முதுகில் ஒன்று வைத்தாள் வீராயி. வைத்த கையாலேயே இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

இலக்கியாவுக்கு அந்த அடி ஞாபகமில்லை. கண் விழித்தபோது பார்த்ததுதான் ஞாபகம் இருக்கிறது. முன்னாலும் பின்னாலும் ஒரே ஒரு வரிசை நாற்று. இடமும் வலமும் வெள்ளை. தோட்டம் முழுவதையும் பனி எடுத்துக்கொண்டு, அவள் உட்கார்ந்திருந்த அந்த ஒரு வரிசையை மட்டும் விட்டுவைத்திருந்தது.

இது நடந்து மூன்று வருடம் கழித்துக் கல்லூரியில் புள்ளியியல் வகுப்பு. சுதாராணி மேடம் கம்ப்யூட்டரில் ஒரு மொழியைக் காட்டினார். பெயர் ஆர். ஒற்றை எழுத்துதான் பெயரே. திரையில் ஒரு பெரிய அட்டவணை, படுக்கை வரிசைகளும் செங்குத்துப் பத்திகளுமாக எண்கள். "சதுர அடைப்புக்குறி போட்டு நடுவில் ஒரு காற்புள்ளி வையுங்கள். காற்புள்ளிக்கு முன்னால் எழுதுவது வரிசை, பின்னால் எழுதுவது பத்தி. ஒரு பக்கத்தைச் சும்மா விட்டால் அந்தப் பக்கத்தில் எல்லாம் வேண்டும் என்று அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, மேடம் `[4, ]` என்று தட்டினார். அட்டவணை முழுவதும் மறைந்து நான்காவது வரிசை மட்டும் தனியாக வந்து நின்றது.

இலக்கியாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது எனக்குத் தெரியுமே, நான் இதற்குள் உட்கார்ந்திருக்கிறேனே என்று நினைத்தாள். பக்கத்திலிருந்த பெண் "என்னடி, அழுவுறியா?" என்று கேட்க, தூசி என்று சமாளித்தாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. வெறுமையாக விட்டால் எல்லாம் கிடைக்கும் என்ற ஏற்பாடு அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் அதைத் தவிர மற்றதெல்லாம் வரும். பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால், ஒற்றை அடைப்புக்குறி தூக்குப்போசியை மூடியோடு கையில் கொடுக்கும், இரட்டை அடைப்புக்குறி மூடியைத் திறந்து சோற்றைக் கொடுக்கும். இதை அம்மாவுக்கு ஒருநாள் விளக்கினாள். "சோத்துக்கா இத்தனை படிப்பு?" என்றாள் வீராயி.

பஸ்ஸில் உட்கார்ந்து இலக்கியா ஊரையே இப்படிப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தாள். சிவப்புக் குடைக்காரர்கள் மட்டும். ஏரிக்கரையில் தனியாக நிற்பவர்கள் மட்டும். மழை பெய்த நாட்களைத் தவிர மற்றவை. மழையை எடுத்துவிட்டால் ஏற்காட்டில் மிச்சம் எதுவும் தேறவில்லை என்று அவளுக்குச் சிரிப்பு வரும். தனக்குத்தானே சிரிக்கும் பெண்ணை எதிர்சீட்டுக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

வேலையும் அதிலேயே கிடைத்தது. ஏற்காடு கடைவீதியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் சின்ன ஆபீஸ். சுற்றுவட்டார எஸ்டேட்டுகளின் மழையளவு, விளைச்சல், பூச்சித் தாக்குதல் எல்லாம் அங்கே கம்ப்யூட்டரில் ஏறும். ஜன்னலைத் திறந்தால் பனியும் பன் வாசனையும் சேர்ந்து உள்ளே வரும். அந்த அறையில் ஐந்து வருடமாக அவள் சந்தோஷமாக இருக்கிறாள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், வேலையில் சந்தோஷமாக இருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

போன மாசி மாதம் அம்மா வேலை செய்கிற எஸ்டேட்டிலிருந்தே பீல்ட் ஆபீசர் ஆண்டனி ராஜ் வந்தார். எஸ்டேட்டுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. நல்ல மனிதர், ஆனால் நெருப்பின்மேல் நிற்பது போல எப்போதும் ஓர் அவசரம்.

"மேற்குச் சரிவு சோதனைத் தோட்டத்துல தண்டு துளைக்கிற வண்டு புகுந்துடுச்சும்மா. சித்திரையில வண்டு பறக்க ஆரம்பிக்கும். பறந்தா எஸ்டேட் முழுக்கப் பரவிடும். அதுக்குள்ள தோட்டத்தையே பிடுங்கி எரிச்சிடணும்."

"எல்லாத்தையுமா சார்?"

"மூணு வரிசையை மட்டும் நிறுத்தலாம்னு அனுமதி. நல்லாக் காய்ச்சு, வண்டையும் தாங்கின மூணு வரிசை. அதுலருந்துதான் அடுத்த விதை எடுக்கணும். பதினொரு வருஷத்து வேலை இந்த மூணுலதான் இருக்கு. எந்த மூணுன்னு நீதான் எடுத்துத் தரணும். தப்பாப் போனா திரும்ப நட முடியாது."

ஒரு பென் டிரைவைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். இலக்கியா கோப்பைத் திறந்தாள். இருபத்து நான்கு வரிசை. ஏழு வருட விளைச்சலுக்கு ஏழு பத்தி, வண்டு விழுந்த மரங்களுக்கு ஒரு பத்தி. முதல் வரிசையில் மட்டும் ஒன்றுமே இல்லை. ஏழு வருடமும் வெற்று. வண்டுப் பத்தியும் வெற்று. எடை எழுத மறந்துவிட்டார்கள், அல்லது செடி செத்திருக்கும் என்று நினைத்தாள். வெற்று வரிசை ஒன்று கிடந்தால் சராசரி எடுக்கும்போது இடைஞ்சல். `[-1, ]` என்று தட்டினாள். முதல் வரிசை போனது. மீதி இருபத்து மூன்று.

ஐயோ பெண்ணே! அந்த வரிசை ஏன் வெறுமை என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரிய வேண்டாமா? ரோட்டோரம் இருக்கிற முதல் வரிசையின் தலைமாட்டில்தானே முனியப்பன் கல் இருக்கிறது. அந்த வரிசைப் பழத்தை எந்தப் பெண்ணும் கூடையில் போட மாட்டாள், தராசில் ஏற்ற மாட்டாள். அது சாமி வரிசை. பழுத்து உதிர்வது குருவிக்கும் மரநாய்க்கும். எடை எழுதுகிற ரைட்டர் தமிழ்செல்வனுக்கும் அது தெரியும் என்பதால், முதல் கட்டத்தை வெறுமையாக விட்டு இரண்டிலிருந்து எழுதிவருவார். வருடா வருடம் அந்தக் கல்லுக்கு எண்ணெய் ஊற்றிக் கும்பிட்டு வளர்ந்தவள்தான் இலக்கியா. திரையில் பார்த்தபோது அது வெறும் வெற்று வரிசையாகத்தான் தெரிந்தது.

மிச்ச வேலையைச் சுத்தமாகச் செய்தாள். விளைச்சல் அதிகம், வண்டு குறைவு, அப்படிப்பட்டவை எத்தனையாவது இடத்தில் இருக்கின்றன என்று கேட்டாள். ஆறு, பதின்மூன்று, பத்தொன்பது என்று பதில் வந்தது. மூன்று தடவை சரிபார்த்தாள். ஆண்டனி ராஜுக்குப் போனில் அனுப்பினாள். அவர் ரைட்டருக்கு அனுப்பினார். ரைட்டர் பெண்களிடம் வாசித்துக் காட்டினார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீராயி சுண்ணாம்பு படிந்த கையோடு வீட்டுக்கு வந்தாள். "நீ சொன்ன மூணு வரிசைக்கும் நாந்தான் சுண்ணாம்புக் கோடு போட்டேன் கண்ணு. எம்புள்ள எழுதிக் குடுத்த நம்பருன்னு ராசாத்திகிட்டச் சொன்னேன். அவ மூஞ்சியப் பாக்கோணுமே!" என்றாள். அப்படி ஒரு சிரிப்பை அம்மாவின் முகத்தில் இலக்கியா அதிகம் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலை ஒன்பது மணி. ஆபீசில் அறிக்கை எழுதுவதற்காக அந்த மூன்று வரிசையை மட்டும் எடுத்துத் திரையில் போட்டாள் இலக்கியா. எண்கள் வந்தன. ஒவ்வொரு வரிசைக்கும் இடது ஓரத்தில் அதன் பழைய அடையாள எண் ஒட்டிக்கொண்டிருக்கும், முன்னால் எதை நீக்கினாலும் அது மாறாது. ஆறு, பதின்மூன்று, பத்தொன்பது என்று இருக்க வேண்டிய இடத்தில் ஏழு, பதினான்கு, இருபது என்று இருந்தது.

ஒரு நிமிடம் அப்படியே பார்த்தாள். பிறகு, தான் நீக்கின வரிசை ஞாபகத்துக்கு வந்தது. முதல் வரிசையை எடுத்தபோது எல்லாமே ஒரு படி முன்னால் நகர்ந்துவிட்டது, அவள் சொன்னது நகர்ந்த பிறகு உள்ள இடம். தோட்டத்தில் ஏழாவதாக நிற்கிற நல்ல வரிசையை ஆறாவது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்! இன்றைக்கு ஏழு மணிக்கே பிடுங்க ஆரம்பித்திருப்பார்கள். ஆண்டனி ராஜ் சேலத்தில் மீட்டிங். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மேற்குச் சரிவில் யாருக்கும் சிக்னல் கிடைக்காது.

லேப்டாப்பை மூடாமல் ஓடினாள். செம்மநத்தம் போகிற ஜீப் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. பின்னால் தொற்றிக்கொண்டாள். வழியெல்லாம் பனி. சில்வர் ஓக் மரம் ஒன்று வரும், போகும், அடுத்தது வரும். எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது போல வந்தது. வேறு நாளாக இருந்தால் சொக்கிப்போய்ப் பார்த்திருப்பாள். இன்றைக்கு அந்த அழகு எரிச்சலாக இருந்தது. அம்மா சுண்ணாம்புக் கையோடு சிரித்த முகம் மட்டும் முன்னால் நின்றது. ரோட்டு வளைவில் குதித்து, குறுக்குப் பாதையில் சரிவின் மேல்பக்கமாக இறங்கினாள்.

பனிக்குள்ளிருந்து கடப்பாரைச் சத்தம் கேட்டது. பெண்கள் பேச்சும் கேட்டது. ஆள் யாரும் தெரியவில்லை.

"அம்மா! நிறுத்து! எல்லாரையும் நிறுத்தச் சொல்லு!"

சத்தம் நின்றது. வெள்ளைக்குள்ளிருந்து வீராயி வந்தாள். "என்ன சாமி, என்னாச்சு? அப்பனுக்கு ஏதாச்சுமா?"

"நம்பர் தப்பும்மா. நான் தப்பாக் குடுத்துட்டேன். ஒண்ணு கூட்டணும். ஆறு இல்ல, ஏழு. பதிமூணு இல்ல, பதினாலு. பத்தொம்பது இல்ல, இருபது."

வீராயியின் முகம் சுருங்கியது. மற்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். "நல்லவேளை, ஏழாவது இன்னம் நிக்குதுங்க. அஞ்சு வரைக்குந்தான் ஆயிருக்குது" என்றாள் ராசாத்தி. சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி அடுத்த வரிசைக்குப் போனாள். ராசாத்தி கடப்பாரையோடு, இதுவரை கோடு போட்டுக் காப்பாற்றி வைத்திருந்த வரிசையின் முதல் மரத்தடியில் நின்று ஓங்கிக் குத்தினாள். வேர் முறிகிற சத்தம் இலக்கியாவுக்குக் கேட்டது.

அந்தச் சத்தத்தில்தான் அவளுக்கு ஏதோ இடித்தது. அஞ்சு வரைக்கும் ஆகியிருக்கிறது என்றால் ரோட்டோரம் வரை ஒரு வரிசையும் மிச்சமிருக்கக் கூடாது. ரோட்டுப் பக்கமாக நடந்து பார்த்தாள். பிடுங்கின குழிகளைத் தாண்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அதற்கும் அப்பால் பனிக்குள் ஒரு வரிசை மரம் முழுசாக நின்றது. கீழே முனியப்பன் கல், மேலே ஒரு செம்பருத்திப் பூ.

"அம்மா... எங்கிருந்து எண்ணினீங்க?"

"எங்கிருந்து எண்ணுவாங்க? சாமி வரிசைய உட்டுப்போட்டு அடுத்ததுலருந்துதான். சாமியப் போயி ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுவாங்களா?"

இலக்கியா கத்தின கத்தலில் குருவிகள் பறந்தன. "வேண்டாம் அத்தை! குத்தாதீங்க! அதுதான் நல்ல வரிசை! மொதல்ல போட்ட கோடுதான் சரி!"

ராசாத்தி கடப்பாரையை அப்படியே விட்டாள். "இந்தப் புள்ளைக்கு என்ன பேய் கீய் பிடிச்சுப்போச்சா? ஆறுங்கறா, ஏழுங்கறா, மறுக்கா ஆறுங்கறா!"

இலக்கியா ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் சாமி வரிசையை எடுத்துவிட்டு எண்ணியிருக்கிறாள், தெரியாமல். அம்மாவும் அதை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறாள், தெரிந்து. இரண்டும் ஒரே எண்ணிக்கை. திருத்துகிறேன் பேர்வழி என்று ஓடிவந்திருக்காவிட்டால் ஒரு குறையும் வந்திருக்காது. அவள் சொன்ன ஒரே தப்பு, தப்பு என்று சொன்னதுதான். அதற்கு ஒரு மரத்தின் பாதி வேர் போய்விட்டது.

வீராயி முறிந்த வேரின்மேல் மண்ணை அள்ளிப் போட்டுக் காலால் அழுத்தி மிதித்தாள், ஒரு குச்சியை நட்டு மரத்தை அதில் கட்டினாள். "பொழச்சுக்கும்" என்றாள். பிறகு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்தாள். மற்றவர்களும் சோற்றுக்கு உட்கார்ந்தார்கள். பனி லேசாகக் கலைந்து மறுபடியும் மூடியது.

"ஏங்கண்ணு, இந்த நம்பரே நமக்கு ஆவாது" என்றாள் ராசாத்தி. "வரிசைக்குப் பேரு இருக்குதில்ல? அதச் சொல்லியிருந்தா இந்த ரோதனையே இல்ல."

"பேரா?"

"பின்னே? காய் பறிக்கறப்ப எந்த வரிசைக்குப் போறேன்னா நம்பரா சொல்லுவோம்? இப்ப நீ நிறுத்தச் சொன்னது குளவி வரிசை. எனக்குக் கண்ணு வீங்கிப் போச்சே, அது. பதிமூணாவது பாறை வரிசை. பத்தொம்பதாவது வளையல் வரிசை, பாவாயி அங்கதான் வளையலத் தொலைச்சா."

இலக்கியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆஹா! ஆர் மொழியிலும் அதற்கு வழி இருக்கிறதே. வரிசைக்கு எண்ணுக்குப் பதில் பெயரை ஒட்டலாம். பெயர் சொல்லிக் கூப்பிடலாம். முன்னால் எதை எடுத்தாலும் பெயர் நகராது. பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "எல்லாப் பேரும் சொல்லுங்க அத்தை. பிடுங்கினதுக்கும் சேர்த்து."

ராசாத்தி விரல் விட்டுச் சொன்னாள். "மொதல்ல முனியப்பன் வரிசை. அடுத்தது பாம்புச்சட்டை வரிசை. அப்புறம் வாய்க்கா வரிசை. அப்புறம்..." என்று நிறுத்தி, வீராயியைப் பார்த்தாள். வீராயி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அப்புறம் என்ன அத்தை?"

"இலக்கியா தூங்கின வரிசை."

நோட்டில் பேனா நின்றுவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது வெற்றிடம். குழிகளில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்த இடம் எது என்று இத்தனை வருடம் தெரியாது. ஏதோ ஒரு வரிசை என்றுதான் நினைவில் இருந்தது. இவர்கள் பதினொரு வருடமாக ஒவ்வொரு காய்ப்பிலும் அவள் பெயரைச் சொல்லி அந்த வரிசைக்குள் போய்வந்திருக்கிறார்கள்.

"உங்கம்மா இன்னிக்கு வந்ததும் மொதக் காரியமா அங்கதான் போனா. வேற யாரையும் கிட்ட உடல. ஒத்தையாளா அத்தனையும் பேத்துப்போட்டா" என்றாள் ராசாத்தி.

"ஏம்மா?" என்றாள் இலக்கியா. "சொல்லியிருந்தா நான்... ஏம்மா பிடுங்கின?"

"உன்ற லிஸ்டுல இல்லியே கண்ணு" என்றாள் வீராயி. "பிடுங்கித்தான ஆவோணும். அடுத்தவங்க கைய வெச்சா எனக்கு மனசு கேக்காது. அதான் நானே செஞ்சுபோட்டேன்."

மகள் வாய்க்கு ஒரு உருண்டையை நீட்டினாள். இலக்கியா அழுதுகொண்டே தின்றாள்.

மதியம் ஆபீசுக்குப் போய் ஆண்டனி ராஜிடம் போனில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அவர் கத்தின கத்தல் பேக்கரி வரை கேட்டிருக்கும். கத்தி முடித்த பிறகு, "நல்ல மூணும் நிக்குதில்ல?" என்றார். நிற்கிறது என்றாள். "அந்த முதல் வரிசை?" என்று கேட்டார். அது சாமி வரிசை என்று அவள் சொன்னாள். "வண்டுக்குச் சாமி தெரியாதும்மா. தண்டையெல்லாம் தேய்ச்சுச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லு. வண்டு ஏறலைன்னா நிக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

அவள் பழைய கோப்பைத் திறந்தாள். நீக்கின வரிசையை மறுபடி சேர்த்தாள். எண்களை எடுத்துவிட்டு இருபத்து நான்கு பெயரையும் இடது ஓரத்தில் ஒட்டினாள். முனியப்பன் வரிசைக்கு நேராக ஏழு வருடமும் வெறுமையாகவே விட்டாள்.

பொழுது சாய்கிற நேரம். லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். வீராயி கை கால் கழுவிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அதுல இருக்குதா கண்ணு? நான் பிடுங்கினது?"

இலக்கியா அடைப்புக்குறிக்குள் பெயரைத் தட்டினாள். காற்புள்ளிக்குப் பின்னால் சும்மா விட்டாள். மற்ற இருபத்து மூன்றும் மறைந்து, ஒரு வரிசை மட்டும் வந்து நின்றது. இலக்கியா தூங்கின வரிசை. அதற்கு நேராக ஏழு வருட விளைச்சலும் கடைசியில் வண்டுக் கணக்கும்.

வீராயிக்கு எழுத்து தடுமாறும், எண் நன்றாகத் தெரியும். ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். "ஒரு வருசங்கூட நல்லாக் காய்க்கல" என்றாள்.

"ஆமாம்மா."

"வண்டும் எச்சாத்தான் உழுந்திருக்குது."

"ஆமாம்மா."

"அப்ப பிடுங்கினது செரிதான்" என்றாள் வீராயி.

சொல்லிவிட்டும் விரலை எடுக்கவில்லை. எண்களை விட்டு இடது ஓரத்துக்கு வந்தாள். எழுத்துக் கூட்டி, மகளின் பெயரை மட்டும் மெல்லப் படித்தாள். கொஞ்ச நேரத்தில் திரை தானாக அணைந்தது. அப்போதும் அவள் கை அங்கேயே இருந்தது.